திரிபு கண்டால் திரும்பு

தவசிக்கனி மறுபடியும் செத்தான்.

நடைவழியின் பாதியில், சிவப்புக் குழாய்க்குக் கீழே குப்புறக் கிடந்தவனைத் தூக்கக் குனிந்தான். குனிந்ததும் மேல்தகடு அவன் பிடரியில் இறங்கியது. கழுத்தெலும்பு நொறுங்கும் ஓசை கூட வந்தவர்களின் காதிலும் கேட்டது. அவன் ரத்தம் அவர்களுடைய முகக்கண்ணாடிகளில் தெறித்தது. இரும்புத் தரையில் விழுந்து, அறுபட்ட கோழி மாதிரி காலை உதைத்துக்கொண்டு துடித்தான். நோவுச்சட்டை யாரையும் சுலபத்தில் விடாது. சாவின் வலியை முழுசாகக் கொடுத்து முடித்த பிறகுதான் இறுக்கம் தளரும்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுயம்பு மேஸ்திரி வந்து, துடித்துக்கொண்டிருந்தவனின் விலாவில் பூட்ஸ் காலால் ஒரு மிதி மிதித்தான். தகடும் ரத்தமும் கண்ணாடி காட்டிய பொய். இந்த மிதி பொய் இல்லை.

"எந்திரில மூதி. கெடக்கவன் கூப்பிட்டா திரும்பி நடன்னு சொன்னனா இல்லியா?"

தவசிக்கனி எச்சில் வடிய எழுந்து உட்கார்ந்தான். "நீங்கள்லா அத்தான் கூப்பிட்டீய."

"நான் உனக்குப் பொறத்தால நிக்கேன்ல!"

"பொறத்தால நிக்கது எனக்கு எப்படித் தெரியும்? காதுக்குள்ள கதறுதீய. 'ஏ தவசி, தூக்குல, காலு போச்சுல'ன்னு. மூஞ்சியப் பாத்தா நீங்க. என்ன செய்யச் சொல்லுதீய?"

சிலிண்டர் வண்டியில் சாய்ந்து நின்ற பிச்சம்மா சிரித்தாள். "அக்கா புருசன் மேல இம்புட்டுப் பாசம் வச்சா தெனமும் கழுத்து போகத்தான் செய்யும். எம் புருசன் கெடந்தா நான் திரும்பிப் பாக்கவே மாட்டேன்."

"உம் புருசன் கெடந்தா அது திரிபே இல்லியே பிச்சம்மா," என்றான் மிக்கேல். "அவரு தெனமும் எங்கனயாவது கெடக்கவருதான."

சுயம்பு சிரிக்கவில்லை. மச்சினனைக் கப்பல் அறுக்கக் கூட்டிவந்தது அவன்தான். முழுசாக வீட்டுக்குத் திருப்பி அனுப்புவேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். இந்த ஒன்றில் இவன் தேறாவிட்டால் அந்தச் சொல் நிற்காது.

"தொடங்கின எடத்துக்குப் போங்க," என்றான். "மறுபடி நடப்போம்."

உலகம் எண்ணெயை விட்டொழித்த பிறகு, எண்ணெய் சுமந்த கப்பல்கள் எல்லாம் தூத்துக்குடிக்குத் தெற்கே அந்த மணலில் ஏறி, அறுபடுவதற்காக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். அவற்றை அறுத்த ஆட்கள் மாதம் தவறாமல் செத்தார்கள். அவர்களைக் கொன்றது பெரிய ஆபத்து எதுவும் இல்லை. நேற்று நேராக இருந்த தகடு இன்று ஒரு விரல் தொங்கும். நேற்று காய்ந்திருந்த மூலையில் இன்று ஈரம் கசியும். தினமும் ஒரே வழியில் போய்வரும் கண் அதைப் பார்க்காது. பார்க்காத கண்ணோடு தலையும் போகும்.

ஷர்மிளா என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். சின்ன வயதில் அவர் விழுந்து விழுந்து ஆடிய ஒரு வகைப் பேய் விளையாட்டிலிருந்து எடுத்த வழி அது. அந்த விளையாட்டில் முடிவே இல்லாத ஒரே நடைவழி இருக்கும். எதுவும் மாறவில்லை என்றால் முன்னே போக வேண்டும். ஒரு சின்ன மாற்றம் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். கவனிக்காமல் போனால் சாவு. அதையே நிஜக் கப்பலுக்குள் கொண்டுவந்து வைத்து, சுழல்வழி என்று பெயர் கொடுத்தார். ஆட்கள் தலையில் தோற்றக்கவசம் மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் வாயில் அது 'சட்டி'. சட்டியின் கண்ணாடி நிஜ நடைவழியைத்தான் காட்டும், ஆனால் சில நேரம் அதன்மேல் ஒரு பொய்யை வரையும். ஒரு ஆணி கூடும். ஒரு விளக்கு இடம் மாறும். சுவரின் துரு ஒரு முழம் இறங்கியிருக்கும். அதற்குத் திரிபு என்று பேர். பார்த்தவன் தொடக்கத்துக்குத் திரும்பி மறுபடி நடப்பான். பார்க்காதவனை அந்தத் திரிபே கொல்லும். உடம்போடு ஒட்டிய நோவுச்சட்டை அந்தச் சாவை நரம்பு நரம்பாக ஏற்றும்.

பயிற்சி எப்போது முடிகிறது, வேலை எப்போது தொடங்குகிறது என்று யாருக்கும் சொல்லப்படுவதில்லை. தெரிந்தால் கண் தூங்கிவிடும் என்றார் ஷர்மிளா. திரிபு இல்லாத வழியில் கடைசிவரை போனவர்கள் அங்கேயே கட்டரைப் பற்றவைத்து அறுக்கத் தொடங்குவார்கள். நுழைவாயிலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: திரிபு கண்டால் திரும்பு.

அதற்கப்புறம் அந்தக் கரையில் ஒரு பிணம்கூட விழவில்லை.

விதிக்கு மேலே கூட்டத்துக்காரர்கள் தாங்களாக ஒரு விதி சேர்த்திருந்தார்கள். அறுபடும் கப்பல் ஓயாமல் மாறும். ஒரு வெட்டு விழுந்தால் ஒன்று சாயும், ஒன்று இளகும். அதற்கெல்லாம் திரும்பிக்கொண்டே இருந்தால் வேலை நகராது. ஆனால் சட்டி வரைகிற பொய் அடுத்த நடையில் வராது. அதை எல்லோரும் கவனித்திருந்தார்கள். ஆகவே முதல் தடவை திரும்புவது, இரண்டாம் தடவையும் அது அப்படியே இருந்தால் தாண்டிப் போவது. 'ரெண்டாந்தடவையும் இருந்தா அது கப்பல்' என்பான் மிக்கேல். சுயம்புவுக்கு இது தெரியும். கண்டுகொள்ளாமல் விட்டிருந்தான்.

விழுந்து கிடக்கும் ஆளை வரையச் சொன்னவனும் சுயம்புதான்.

சுழல்வழிக்கு முந்தைய வருடம், ஒரு எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிய பையன் வாயு அடித்து விழுந்தான். தூக்கப் போனவன் அவன்மேல் விழுந்தான். அந்த இருவரையும் தூக்கச் சுயம்புவின் அண்ணன் கயிறுகூடக் கட்டாமல் குதித்தான். அவன் பெயரைக் கூவிக்கொண்டு இன்னும் இருவர் குதித்தார்கள். கொக்கி போட்டு ஒவ்வொருவராக மேலே இழுத்தபோது அண்ணனின் தாடை கொக்கியோடு வந்தது. அந்தக் கரையில் எவனும் யோசிப்பதில்லை. கூட வேலை செய்கிறவன் விழுந்தால் குதிப்பான், அவ்வளவுதான்.

"விழுந்து கிடக்கிற மனுசனைத் திரிபுன்னு பழக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார் ஷர்மிளா.

"ஆமா மேடம். யாரோ ஒருத்தன் மூஞ்சிய வச்சா தாண்டிப் போயிருவானுவ. எம் மூஞ்சிய வைங்க. எங் குரல வைங்க."

"கடைசியில உங்களைத் தூக்கக்கூட யாரும் வரமாட்டாங்க, சுயம்பு."

"தூக்க வந்தவன் பூராவும் செத்தான் மேடம். திரும்பி ஓடுனவன்தான் பொழச்சான். நான் ஓடுனேன். உசுரோட உங்க முன்னால நிக்கேன்."

ஷர்மிளா கேமராவை எடுத்தார். பிறகு அவனை ஒரு மேடையில் படுக்கவைத்து நாலு பக்கமும் படம் எடுத்தார். அலறச் சொன்னார். சுயம்பு அலறினான். அண்ணன் தொட்டிக்குள்ளிருந்து அலறியது ஞாபகத்தில் இருந்தது, அப்படியே அலறினான்.

தவசிக்கனி தேறியது மழைக்காலத்தில். சிவப்புக் குழாய்க்குக் கீழே கிடந்த சுயம்பு அன்று அவன் கணுக்காலையே பிடித்துவிட்டான். "ஏ தவசி, காலு போச்சுல, தூக்குல." நோவுச்சட்டை அந்த ஐந்து விரலின் அழுத்தத்தையும் காலில் பதித்தது. தவசிக்கனி காலை உதறினான். விடவில்லை என்றதும் மற்றொரு காலால் அந்த முகத்தில் மிதித்தான். மூக்கு உடைந்து உள்ளே போனது. திரும்பி, ஒரே சீராக, ஓடாமல் நடந்துபோனான்.

தன் முகம் மிதிபட்டதைப் பின்னால் நின்று பார்த்த சுயம்புவுக்கு நெஞ்சு நிறைந்தது. அன்று சாயங்காலம் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக்கொடுத்தான்.

"வலிச்சுதால?"

"முதல்ல வலிச்சுது. பொறவு அது நீங்க இல்லன்னு ஆயிட்டு."

"அதான் வேணும்," என்றான் சுயம்பு. "நான் இல்ல. என்னைக்கும் நான் இல்ல."

மேஸ்திரி கூட்டத்துக்கு முன்னால் தனியாக உள்ளே போக வேண்டும் என்பது அந்தக் கரையின் பழக்கம். சட்டி போட்டால் காது அடைத்துவிடும் என்பதால் வெறுந்தலையோடு போவார்கள். சுத்தியலால் தகட்டைத் தட்டிக்கொண்டே நடப்பார்கள். இறுக்கமாக இருக்கும் தகடு ஒரு மாதிரி பேசும், இளகியது ஒரு மாதிரி பேசும். தட்டி முடித்ததும் மறுகோடி ஏணியில் ஏறிப் போய்விடுவார்கள்; கூட்டம் அவர்களுக்காகக் காத்திருக்காமல் நேரத்துக்கு உள்ளே வரும்.

ஒரு நாள் காலை சுயம்பு சிவப்புக் குழாய் வரை தட்டிக்கொண்டு போனான். எல்லாம் சரியாகப் பேசின. இன்னொரு தட்டு தட்டினான். முந்தின நாள் பாதி அறுத்து விட்டிருந்த மேல்தகடு பதில் சொல்லாமல் இறங்கியது.

நினைவு வந்தபோது குப்புறக் கிடந்தான். தகட்டின் விளிம்பு இரண்டு தொடைகளிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. இடது தொடையெலும்பு பேன்ட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. வலது காலைப் பார்க்க முடியவில்லை. தகட்டின் ஒரு முனை விலாவில் இறங்கியிருந்ததால் மூச்சு பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. ரத்தம் தரையின் சரிவில் மெதுவாக வழி தேடிக்கொண்டிருந்தது.

தலையைத் தூக்கி முன்னே பார்த்தான். நடைவழியின் கோடியில், கூட்டம் நின்று அறுக்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே, விழுந்த தகட்டின் ஜோடி தொங்கியது. ஒரு மூலை மட்டும் ஒட்டியிருந்தது. அதுவும் கட்டைவிரல் அகலம்தான். கீழே கட்டர் எரிந்தால், அந்தச் சூட்டுக்கே பிய்ந்து விழும்.

பின்னால் பூட்ஸ் ஓசை கேட்டது. மூன்று பேர்.

"ஏ தவசி!" என்று கத்தினான். "தூக்குல! காலு போச்சுல!"

கத்தி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது.

மூன்று விளக்குகளும் அவன்மேல் விழுந்து நின்றன. "திரிபு," என்றான் மிக்கேல், கொட்டாவியோடு. "காலங்காத்தால ஆரம்பிச்சிட்டு."

"நான்தான்ல! நெசமா நான்! சட்டியக் கழட்டிப் பாருங்கல! மிக்கேலு, மேல தகடு தொங்குதுல! தவசி, உங்க அக்கா செந்தூரகனி மேல சத்தியமா நான்தான்!"

"இன்னைக்குப் புதுசா அக்கா பேரெல்லாம் சொல்லுது," என்றாள் பிச்சம்மா. "மேடம் வெவரந்தான்."

முதலில் திரும்பியவன் தவசிக்கனி. ஒரே சீராக, ஓடாமல் நடந்தான். மற்ற இருவரும் அவனைப் பின்தொடர்ந்தார்கள்.

வேலை நேரத்தில் சட்டியைக் கழற்றுவது எப்பேர்ப்பட்ட குற்றம் என்று அவர்களுக்குச் சொல்லி, கழற்றியவனை அறைந்தும் வைத்தவன் சுயம்பு. நுழைவாயிலில் திரும்பல்களைப் பதிந்துவைக்கும் கருவி ஒன்று உண்டு. அவர்களின் கவசத்தில் பதிவான இந்த முகத்தையும் குரலையும், தானே வரைந்த படம் என்று அது எடுத்துக்கொள்ளும். வெளியே ஒருவருக்கும் செய்தி போகாது. அந்த நடைவழியில் சுயம்பு என்ற ஆள் இல்லை. திரிபு ஒன்று கிடந்தது.

மறுபடி கத்த முயன்றான். நுரையோடு காற்றுதான் வந்தது. குரல் தீர்ந்துவிட்டது.

பூட்ஸ் ஓசை திரும்பி வந்தது. விளக்குகள் அவன்மேல் நின்றன. அவன் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் சரி.

"அப்படியே கெடக்கு," என்றான் மிக்கேல்.

"ரத்தம் கூடியிருக்கோ?" என்று கேட்டாள் பிச்சம்மா.

"ஒழுகுதது கூடத்தான செய்யும். மேல பாரு, அந்தத் தகடும் முன்னப் பாத்த மாதிரியேதான் தொங்குது. ரெண்டாந்தடவையும் இருக்கு. கப்பல்தான். நட."

மிக்கேல் தாண்டினான். அவனுடைய பூட்ஸ் சுயம்புவின் இடதுகை விரல்கள்மேல் ஊன்றியது. விரல்கள் காய்ந்த சுள்ளி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. சிலிண்டர் வண்டியைப் பிச்சம்மா அவன் முழங்கைமேல் ஏற்றி இறக்கினாள். வண்டி குலுங்கியதற்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

தவசிக்கனி மட்டும் தாண்டவில்லை.

"மிக்கேலண்ணே. படம் ரெண்டாந்தடவ வராதுல்லா?"

"வராது."

"அப்பம் இது படம் இல்ல."

"அதைத்தானல சொல்லுதேன். கப்பல்."

"கப்பலுக்கு எப்படிண்ணே அத்தான் மூஞ்சி இருக்கும்?"

மிக்கேல் கோடிக்குப் போய் நின்றான். கட்டரின் திருகைத் திறந்தான். வாயு சீறியது.

தவசிக்கனி குனிந்தான். அவன் கண்ணாடியில் மூச்சுப் பனி படர்ந்து படர்ந்து மறைந்தது. இத்தனை சாவுகளில் கற்றது எல்லாம் அவன் தோளைப் பின்னால் இழுப்பதும், அதற்கும் அடியில் கிடந்த வேறொன்று அவன் கையை முன்னால் தள்ளுவதும் சுயம்புவுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. இவன் மந்தம்தான். ஆனால் வந்து சேர்ந்துவிடுவான். ஒரு நிமிஷம் கொடுத்தால் போதும். சட்டியைக் கழற்றுவான், அழுவான், கடப்பாரை கொண்டுவருவான்.

கோடியில் தகடு முனகியது. ஒட்டியிருந்த மூலையிலிருந்து துருப்பொடி மிக்கேலின் தோளில் கொட்டியது. அவன் தட்டிவிட்டுக்கொண்டு, பற்றவைக்கும் கருவியை எடுத்தான். "ஏ தவசி, ஹோஸைப் பிடிச்சுட்டு வால! மேஸ்திரி வந்தா கத்துவாரு!"

"வாறேன்," என்றான் தவசிக்கனி. எழுந்து அந்தப் பக்கமாக ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

அந்த ஒரு நிமிஷம் யாருக்கும் இல்லை.

சுயம்பு உடம்பில் மிச்சமிருந்ததை எல்லாம் வலதுகைக்குக் கொண்டுவந்து, அந்தக் கணுக்காலைப் பிடித்தான்.

தவசிக்கனி அலறினான். "கை மாறிட்டு! அண்ணே, கை மாறிட்டு! திரிபு!"

கட்டர் தரையில் விழுந்து உருண்டது. தவசிக்கனி காலை உதறினான். சுயம்பு விடவில்லை. மற்ற இருவரும் தகட்டுக்குக் கீழிருந்து வெளியே வரும்வரை விடுவதாக இல்லை. பூட்ஸ் முகத்தில் இறங்கியது. மூக்கு உடைந்தது. மறுபடி இறங்கியது. முன்பற்கள் நாக்கின்மேல் கொட்டின. வண்டியில் செருகியிருந்த குறட்டை உருவிக்கொண்டு வந்த பிச்சம்மா அந்த மணிக்கட்டில் இரண்டு அடி போட்டாள். எலும்பு விட்டபோது பிடியும் விட்டது. மூவரும் அவனைத் தாண்டி ஓடினார்கள்.

நுழைவாயிலில் அவர்கள் மூச்சு வாங்குவது நடைவழி முழுவதும் எதிரொலித்தது.

"பாத்தியா," என்றான் மிக்கேல். "கப்பலுக்குக் கை அசையுமால? படந்தான். மேடம் இப்பம் ரெண்டு தடவ வாற மாதிரி மாத்திட்டா போல."

தவசிக்கனி சிரித்தான். இறங்கிப்போன பயத்தின் சிரிப்பு. "நான் ஒரு நிமிசம் நெசமாவே அத்தான்னு நெனச்சிட்டேன்."

"நெனப்ப. நெனச்சு நெனச்சுத்தான எத்தன தடவ செத்த."

"அத்தான்கிட்டச் சொல்லிராதீய. மிதிப்பாவ."

சுயம்பு வாயிலிருந்த பற்களைத் துப்பினான். மேலே தகடு அதே கட்டைவிரல் அகலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. விழுந்து தொலைத்தால் நல்லது. விழவில்லை.

"சரி, வாங்க," என்றது மிக்கேலின் குரல். "இன்னொரு நடை பாப்போம்."

இந்த நடையில் உடைந்த கையையும் உடைந்த மூக்கையும் பார்ப்பார்கள். ஓடும்போதே அவற்றைப் பார்த்திருந்தார்கள். அப்படியே இருந்தால் கப்பல் என்று தாண்டிப் போவார்கள். கட்டரைப் பற்றவைப்பார்கள். மதியச் சோற்றுக்கு இவர்கள் வெளியே போகும்போதுதான் மேஸ்திரியைக் காணோம் என்று யாராவது தேடுவார்கள். அதுவரை ஒவ்வொரு நடைக்கும் ஒரு மாற்றம் வேண்டும்.

என்ன இருக்கிறது என்று பார்த்தான். இரண்டு கையும் போய்விட்டது. குரல் இல்லை. தலையை இடப்பக்கம் திருப்பலாம். அது ஒரு நடை. வாயைத் திறந்து வைக்கலாம். அது ஒரு நடை. கண்ணை மூடலாம். மூடினால் அதற்கடுத்த நடைக்குத் திறக்க முடியுமா என்பதில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தான்.

விளக்குகள் திருப்பத்தில் தெரிந்தன. சுயம்பு கன்னத்தை இரும்பில் தேய்த்து, தலையைத் திருப்பத் தொடங்கினான்.